ஏழு

சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் போட்டிருக்கிறேன்.
ஏறிப்போகிறதை எல்லாம் எண்ணும்.
நேற்றுக் காலையிலிருந்து ஏழு.
அதில் இரண்டு என் சைக்கிள்.
இரண்டு தபால் வண்டி, வந்ததும் திரும்பியதும்.
ஒன்று எல்க் மானாக இருக்க வேண்டும்,
ஓரத்துச் சேற்றில் குளம்பு பதிந்திருக்கிறது.
மிச்சம் இரண்டு தெரியவில்லை.

சாரெமா தீவு, மேற்குக் கரை, மே மாதக் கடைசி.
மாவட்ட அலுவலகம் சைக்கிள்காரர்களுக்கு வரைபடம் போடுகிறது.
வண்டித் தொல்லை இல்லாத சாலைக்குப் பச்சைக் கோடு,
கொஞ்சம் இருந்தால் மஞ்சள்.
சிவப்புப் பேனாவின் மூடியை
மூன்று நாளாக நான் கழற்றவே இல்லை.

ஒரு பக்கம் ஜூனிபர் புதர். மறு பக்கம் நாணல்.
நாணலுக்கு அப்பால்,
கடல் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு கடல்:
அரைக் கிலோமீட்டர் நடந்தாலும் கணுக்கால்தான் நனையும்.
உப்பு குறைவு. அலை அதைவிடக் குறைவு.
காயப்போட்டு எடுக்க மறந்த துணி மாதிரி
அன்னங்கள் அதில் அப்படியே கிடக்கின்றன.

என் சங்கிலியின் கிறீச்சு எனக்கே கேட்டது.
எண்ணெய் விட்டேன், அதுவும் அடங்கியது.
பிறகுதான் மற்றவை வந்தன:
டயருக்கடியில் சரளை,
உச்சியில் எங்கோ நிற்காத வானம்பாடி,
எந்த வீட்டிலோ காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு.
தார்த்துவில் இத்தனை வருடம்
அரைக் காதோடு இருந்திருக்கிறேன் போல.

முச்சந்தியில் ஒரே கட்டையில் ஒன்பது தபால் பெட்டி.
ஆறில் பெயர் உரிந்துவிட்டது.
ஒன்றில் சிட்டு குஞ்சு பொரித்திருந்தது.
அழகாக இருக்கிறதென்று படம் எடுத்தேன்.
படிவத்தில் "சொர்க்கம்" என்று எழுதி,
அடித்துவிட்டு, "மிகக் குறைவு" என்று திருத்தினேன்.
சொர்க்கத்துக்கு அதில் கட்டம் இல்லை.

தார் முடிகிற இடத்தில் புகை.
ஆல்டர் கட்டை எரித்துத்
தட்டைமீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள் மெரிகே.
என் வயதுதான் இருக்கும். பல்லில் கடித்த துணிக்கிளிப்,
அதோடேயே பேசினாள்:
"கார் எண்ணுகிறவள் நீதானா?
நேற்று உப்பு வாங்கப் போனேன், வந்தேன்.
இரண்டு. எழுதிக்கொள்."

கணக்கு முடிந்தது.
"இவ்வளவு அமைதியான சாலையை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

மீனைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள்.

"பஸ் வாரத்தில் ஆறு நாள் வந்தது.
அப்புறம் இரண்டு நாள்.
அப்புறம் பலகை மட்டும் நின்றது, அதையும் யாரோ விறகுக்குப் பிடுங்கிவிட்டார்கள்.
நான் படித்த பள்ளிக்கூடத்தில்
ஹெல்சிங்கிக்காரர் ஒருவர் ஜூலையில் வந்து தூங்குகிறார்.
அதற்கும் முந்தி, அப்பா காலத்தில்,
இந்தக் கரைக்கு வரவே அனுமதிச் சீட்டு வேண்டும்.
ராத்திரி சிப்பாய்கள் மணலைச் சீவிவிட்டுப் போவார்கள்,
கால் பட்டிருந்தால் விடிந்ததும் தெரிய.
அப்போதும் அமைதிதான்.
நீ வந்து எண்ணியிருந்தால்
அப்போதும் பச்சைதான் போட்டிருப்பாய்."

ஒன்பது பெட்டியும் என் ஃபோனில் இருந்தன.
குஞ்சின் திறந்த வாய்
நல்ல வெளிச்சத்தில் விழுந்திருந்தது.

"அப்படியென்றால் இந்தச் சாலையை
வரைபடத்தில் சேர்க்காமல் விட்டுவிடவா?" என்றேன்,
ஏதோ வரம் கொடுப்பவள் மாதிரி.

அவள் சிரித்ததில் கிளிப் தெறித்துப் புல்லில் விழுந்தது.
"பைத்தியமா உனக்கு? தடியாகப் போடு.
பக்கத்தில் ஒரு மீன் வரை.
ஞாயிறு கடை கிடையாது என்றும் எழுது,
ஒரு நாளாவது தூங்குகிறேன்."

இரண்டு மீன் தின்றேன். காசு வாங்கிக்கொண்டாள்,
சில்லறை சரியாகக் கொடுத்தாள்.

மடியில் தாளை விரித்துப் பச்சைக் கோடு இழுத்தேன்.
விரலெல்லாம் மீன் எண்ணெய். பேனா வழுக்கியது.
தார் முடிகிற இடத்தில் கோடு நிற்கவில்லை,
நாணலைத் தாண்டிக் கடலுக்குள்
ஒரு நகக்கண் அளவு போய்விட்டது.
அழிக்கவில்லை.
அங்கே கணுக்கால் ஆழம்தானே.